உமியின் அளவே அரிசியின் அளவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. பொங்கலன்று போனில் நீ கேட்டாயே, சீரகச் சம்பாவுக்கு உரத்தைக் கூட்டிப் போட்டால் அரிசி கொஞ்சம் பருக்காதா என்று. பருக்காது. கதிர் இன்னும் பொதிக்குள், அதாவது இலையுறைக்குள், இருக்கும்போதே உமி தன் முழு அளவை எட்டிவிடுகிறது. உமிதான் அச்சு. அதை மீறி அரிசி வளர இடமில்லை.

இப்போது நம் மேலக்கொல்லையில் பூத்துக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறியதும் உமி வாய் திறக்கும், மகரந்தம் கொட்டும், சற்று நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தால் பதர்தான். சூல் கட்டிவிட்டால், அரிசி முதலில் நீளவாக்கில் ஓடும். ஒரு வாரத்துக்குள் உமியின் நுனியைத் தொட்டுவிடும். அப்புறம் அகலம், கடைசியாகத் தடிமன். இந்த நாட்களில் ஒரு நெல்லை நசுக்கினால் பால் வரும், பிறகு மாவு. பூத்ததிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் முற்றிவிடும்.

உமியே ஏன் ஒரு ரகத்தில் சின்னது, இன்னொன்றில் பெரிது? அது விதையிலேயே இருக்கிறது. நெல்லின் நீளத்தைத் தீர்மானிக்கும் ஜிஎஸ்3 என்ற மரபணுவை 2006இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அகலத்துக்கான ஜிடபிள்யூ2 அடுத்த வருஷம். வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே வளர்க்கிற மரபணுக்கள் இல்லை, அடக்கிவைக்கிறவை. ஜிஎஸ்3 பழுதான ரகங்களில் நெல் நீண்டுவிடுகிறது. ஜிடபிள்யூ2 பழுதானால் உமியில் செல்கள் கூடுதலாகப் பெருகி, நெல் அகலமாகிறது.

கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு விலை கூட என்பது சரி. அதற்காக எல்லோரும் குண்டு நெல்லை விட்டுவிட முடியுமா? ஆடுதுறை 37 இல்லாவிட்டால் உன் அம்மா இட்லிக்கு எங்கே போவாள்?

நம் கையில் இருப்பது உமியை நிரப்புவது மட்டும். கதிரின் நுனியில் உள்ள நெல் முந்திப் பூத்து முந்திச் சாப்பிட்டுவிடும்; அடியில் இருப்பது பிந்திப் பூக்கும், அரைகுறையாய் நிரம்பிய கருக்காய் அங்கேதான் அதிகம். பால் பிடிக்கும்போது வயல் காய்ந்தால் இன்னும் மோசம். இந்த வருஷம் நடவு தள்ளிப்போய்விட்டது, மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடிவிட்டால் நமக்குச் சரியாகப் பால் பருவம். அதனால் பக்கத்து வயல்காரரிடம் போர் தண்ணீருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், மணிக்கணக்கில் வாடகை. யூரியா வாங்க நீ அனுப்பிய பணத்தை அதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா