கஜியாடோ பள்ளிக் கட்டடம்: ஞாயிறு கூட்டம்

நைரோபி நண்பர்களுக்கு வணக்கம்.

நைரோபிக்குத் தெற்கே, கஜியாடோ பக்கத்தில் மாடு மேய்க்கும் மாசாய் மக்களின் கிராமப் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று பேச, பிப்ரவரி 8, ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கமான மொட்டைமாடியில் கூடுகிறோம். மார்ச்சில் பெருமழை தொடங்கிவிடும்; அப்புறம் அந்த மண் பாதையில் சிமெண்ட் லாரி போவது கஷ்டம்.

நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். போதாது. அங்கே சுவரும் தகரம், கூரையும் தகரம். மதியம் உள்ளே உட்கார முடியாது. மழை பிடித்தால் டீச்சர் பேசுவது முதல் பெஞ்சுக்கே கேட்காது. போதாக்குறைக்கு, 2023 முதல் கென்யாவில் புதிய பாடத்திட்டத்தின் ஏழாம் வகுப்பும் தொடக்கப் பள்ளி வளாகத்துக்கே வந்தது, அடுத்தடுத்து எட்டும் ஒன்பதும். அறைதான் கூடவில்லை. வறட்சியில் குடும்பம் மாடுகளோடு மேய்ச்சல் தேடிப் போகும்போது பிள்ளை தங்கிப் படிக்க விடுதியும் கிடையாது.

செய்ய வேண்டியவை:

1. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். கட்டைவிரல் படம் போதாது, எத்தனை பேர் என்று எழுதுங்கள்.
2. சிவில் இன்ஜினியர்கள் கட்டாயம் வரவும். மண்ணும் சிமெண்டும் கலந்து அழுத்திய கல் கட்டுப்படியாகுமா என்று பார்க்க வேண்டும்.
3. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கும் செலவை யாராவது விசாரித்து வாருங்கள். தண்ணீர் சுமக்கப் போகும் பெண்பிள்ளைகள் அந்த நேரம் வகுப்பில் இருப்பார்கள்.
4. முதலில் வகுப்பறையா, கழிப்பறையா? என் ஓட்டு தாழ்ப்பாள் போட்ட பெண்கள் கழிப்பறைக்கு. மறுப்பவர்கள் நேரில் வந்து சண்டை போடலாம்.
5. பணம் இப்போது அனுப்பாதீர்கள். பள்ளி நிர்வாகக் குழுவும் ஊர்ப் பெரியவர்களும் சரி என்ற பிறகே வசூல்.