உள்வாடகை: ஞாயிறு கூட்டம், அவசியம் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம் 🙏

நம்ம பிளாக்கில் ஒரு வீட்டில் நடந்தது. குடியிருந்த தம்பி வேலை மாறி ஓசூர் போனார், சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டார். ஓனருக்குத் தெரியாது. மூன்று மாதம் நண்பர் வாடகை தரவில்லை, இ.பி. பில் கட்டாததால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். ஓனர் கேட்பது அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டவரைத்தான். அட்வான்ஸில் கழித்தது போக மீதி கொஞ்சம்தான். தம்பியும் நண்பரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017, நடைமுறை 2019 பிப்ரவரி முதல்) தெளிவாகச் சொல்கிறது: ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகை (வாடகைக்கு இருப்பவர் அதே வீட்டை வேறொருவருக்கு விடுவது) விடக்கூடாது. விட்டால், காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகும். “போனில் சொன்னேன் சார்” செல்லாது.

கூட்டம்: வரும் ஞாயிறு காலை 10.30, மொட்டை மாடி.

1. உங்கள் வீட்டில் வேறு யாராவது வாடகைக்கு இருந்தால் வெள்ளிக்குள் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் போட வேண்டாம்.
2. ஓனரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள்.
3. புதிதாக வந்தவரின் ஆதார் நகல், போன் நம்பர் வாட்ச்மேன் அண்ணாவிடம்.
4. ஓனர்களும் அக்ரிமென்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருடையது காலாவதி என்று நினைக்கிறேன், என்னுடையது உட்பட 😅

ஊரிலிருந்து அத்தை வந்து பத்து நாள் தங்குவது உள்வாடகை இல்லை, பயப்பட வேண்டாம்.

வருபவர்கள் வீட்டு எண்ணுடன் ‘வருகிறேன்’ என்று பதில் போடுங்கள். தம்ஸ்-அப் மட்டும் போட்டால் கணக்கில் வராது.