மலக்குழிக்குள் மழைத்தண்ணீர் போகாமல் தடுக்க உதவி கோரல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்கட்கு,
பிரதேச சபை,
கிளிநொச்சி மாவட்டம்.

ஐயா,

நாங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கீழ்ப்புறம் குடியிருக்கும் மக்கள். ஐப்பசியில் மாரி தொடங்குமுன் தாங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் பற்றி இம்மனுவை எழுதுகிறோம்.

எங்கள் பக்கம் கழிவுநீருக்குப் பொதுக் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு மலக்குழிதான். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் மலக்குழித் தண்ணீரை மண்ணுக்குள் விடும் ஊறல் குழி தண்ணீரை இழுக்காது. அந்த நேரம் கூரைத் தண்ணீரும் அதற்குள் போனால் குழி தாங்குமா? 1000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9000 லீற்றருக்கு மேல் வருகிறது. கழிவு கழிப்பறைக் கோப்பைக்குள் எதிர்த்து வந்து, முற்றத்தில் பரவி, கட்டில்லாத கிணறுகளிலும் கலக்கிறது. பவுசர் பிடித்து இறைத்தாலும் நிலம் ஊறியிருப்பதால் மறுபடி நிரம்பிவிடுகிறது. காசுதான் வீண்.

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் வந்தபோது, தண்ணீர் வடிந்த பிறகும் பல நாள் கழிப்பறைக்குப் போக முடியவில்லை. வயதுபோனவர்களும் பிள்ளைத்தாச்சிகளும் பட்ட பாட்டை இன்னும் மறக்க முடியவில்லை.

எங்களிலும் பிழை உண்டு. சிலர் கூரைத் தண்ணீர் வரும் பீலிக் குழாயையும் குளிக்கும் தண்ணீரையும் குழிக்குள் விட்டிருக்கிறோம். சில மூடிகள் வெடித்துப்போய் நிலமட்டத்திலேயே கிடக்கின்றன. ஆனால் வீதியோர வாய்க்கால் தூர்ந்து மதகும் அடைபட்டிருக்கும்போது, முற்றத்துத் தண்ணீரை வேறு எங்கே விடுவது? பீலியைக் கழற்றச் சொல்பவர்கள் தண்ணீர் போக ஒரு வழியையும் காட்ட வேண்டும்.

ஆகவே முதலில் வாய்க்காலையும் மதகையும் துப்புரவாக்கித் தாருங்கள். அப்புறம் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாக வந்து, எந்தக் குழாயை எங்கே திருப்புவது, மூடியை எவ்வளவு உயர்த்துவது என்று காட்டினால் வேலையை நாங்களே செய்வோம். சீமெந்து வாங்க வசதியில்லாத, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு மட்டும் பொருளுதவி வேண்டும். வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரின் இடவும் ஏற்பாடு செய்யுங்கள். புதிய வீட்டுப் படங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

தண்டப்பணம் அறவிடும் எண்ணம் இருந்தால், இந்த ஒரு மாரி முடியும்வரை பொறுத்துக்கொள்ளுமாறு தயவாய்க் கேட்கிறோம். தாங்கள் வரும் நாளை கிராம அலுவலர் மூலம் அறிவித்தால் எல்லோரும் வீட்டில் நிற்போம்.

இப்படிக்கு,
வீதிக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)