சோர்வு விரிசல் ஆய்வேடுகளை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

இயந்திரப் பொறியியல், உலோகவியல் துறைகளின் முனைவர் பட்டக் குழு உறுப்பினர்களுக்கும் புறத்தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

உலோகச் சோர்வு விரிசல் (சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வளரும் விரிசல்) பற்றிய ஆய்வேட்டைத் திறந்தால் மடக்கை அளவில் ஒரு நேர்கோடு, அதன் கீழே, விரிசல் வளரும் வேகத்தைக் கணிக்கும் பாரிஸ் விதியின் சி (பெருக்கெண்), எம் (அடுக்கெண்) என்ற இரண்டு எண்கள். அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். கோடு பிறந்த தரவைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் அலகு. எம் 3 என்றால், டெல்டா கே (விரிசல் முனையின் தகைவுச் செறிவான கே ஒரு சுழற்சியில் மாறும் அளவு) ரூட் மீட்டரிலா ரூட் மில்லிமீட்டரிலா என்பதைப் பொறுத்து சி ஏறக்குறைய 31,600 மடங்கு மாறிவிடும். வளர்ச்சி வேகத்தை மீட்டரில் எழுதுவதா மில்லிமீட்டரில் எழுதுவதா என்பதில் இன்னும் 1,000 மடங்கு. அலகு எழுதாத சி யாருக்கும் பயன்படாது. ஃபெரைட்-பெர்லைட் எஃகில், டெல்டா கே 20 மெகாபாஸ்கல் ரூட் மீட்டராக இருக்கும்போது, ஒரு மில்லிமீட்டர் வளர 18,000 சுழற்சி அளவில் ஆகும். சாதாரண அறைச் சூழலில் பத்து மடங்கு விலகிய எண் வந்தால் அலகைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, சோதனைக்கு முன் துண்டின் காடியிலிருந்து வளர்க்கும் முன்விரிசல். அதன் கடைசிக் கட்டத்தின் உச்ச கே, சோதனையின் தொடக்க உச்ச கே-யைத் தாண்டக் கூடாது என்கிறது விரிசல் வளர்ச்சிச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் இ647 தரநிலை. சுமையைக் குறைப்பதும் படிக்கு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அவசரத்தில் பெரிய சுமை கொடுத்தால் விரிசல் முனையில் பெரிய பிளாஸ்டிக் வலயம் (நிரந்தரமாக உருமாறிய பகுதி) தங்கிவிடும். அதைக் கடக்கும்வரை விரிசல் மந்தமாகத்தான் நகரும். பொருளே உறுதியானது போலத் தரவு பொய் சொல்லும். மின்சாரம் போய் வந்து, ஹைட்ராலிக் எந்திரம் திரும்ப ஓடும்போது ஒரு வெட்டு இழுப்பு இழுத்தாலும் இதே கதிதான். எந்தச் சுழற்சியில் நின்றது, திரும்ப ஓட்டியபோது உச்ச சுமை எவ்வளவு என்ற பதிவேடு ஆய்வேட்டில் இருக்க வேண்டும்.

வாசல் மதிப்பைப் பற்றி, அதாவது விரிசல் கிட்டத்தட்ட நின்றுவிடும் டெல்டா கே-யைப் பற்றி, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே குழுக்களின் அவசரமே தரவைக் கெடுக்கிறது. சுழற்சிக்கு 0.1 நானோமீட்டர் என்ற வேகத்தை ஒட்டித்தான் வாசல் மதிப்பு வரையறுக்கப்படுகிறது. அந்த வேகத்தில் விரிசல் 0.25 மில்லிமீட்டர் நகர 25 லட்சம் சுழற்சி வேண்டும். 10 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 69 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு புள்ளிக்கு. 1 நானோமீட்டருக்கும் 0.1 நானோமீட்டருக்கும் இடையே குறைந்தது ஐந்து புள்ளிகளை இ647 கேட்கிறது. ஆர் விகிதம் (சுழற்சியின் குறைந்த சுமையை உச்ச சுமையால் வகுத்தது) 0.1, 0.5, 0.7 என மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு சோதனைத் துண்டுகள் என்று வைத்தால் எந்திரம் வாரக்கணக்கில் ஒரே மாணவருக்கு வேண்டும். அரையாண்டு மதிப்பாய்வில் "இத்தனை துண்டுகள்தானா?" என்று கேட்பது, சுமையை மளமளவென்று இறக்கு என்று சொல்வதற்குச் சமம். அப்படி இறக்கினால் விரிசல் தன் முந்தைய பிளாஸ்டிக் வலயத்திலேயே மாட்டி நின்றுவிடும். அதை வாசல் என்று எழுதிவிடுவார்கள்.

இழுசுமை இருக்கும்போதே விரிசலின் முகங்கள் ஒட்டிக்கொள்ளும் என்று ஆய்வாளர் எல்பர் 1970 வாக்கில் காட்டினார். இந்த மூடலை அளக்காமல் ஆர் 0.1-இல் மட்டும் எடுத்த வாசல் மதிப்பைப் பொருளின் பண்பாக ஏற்காதீர்கள். மூடல் இன்னும் உருவாகாத குறுவிரிசல்கள் அந்த வாசலுக்குக் கீழேயும் வளரும்.

3டி அச்சில் செய்த உலோகம் என்றால் எஞ்சிய தகைவும் (வெளிச்சுமை இல்லாமலே உள்ளே தங்கியிருக்கும் தகைவு) சேர்கிறது. அதை அறிய, காடி வெட்டும் முன் அதன் வாயின் இருபுறமும் இரண்டு குறிகள் இட்டு, வெட்டிய பின் இடைவெளியை மறுபடி அளந்தால் போதும். வாய் விரிந்ததா சுருங்கியதா என்பதை ஆய்வேட்டில் தேடுங்கள்.

இந்த எண்கள் நூலகத்தோடு நிற்பவை அல்ல. விமானம், ரயில் போன்றவற்றை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை விரிசலுக்காகச் சோதிப்பது என்று கணக்கிட எடுத்தாளப்படுபவை. 1988-இல் அலோஹா விமானத்தின் மேற்கூரை பறந்தது ரிவெட் துளைகளில் வளர்ந்த சோர்வு விரிசல்களால். 1998-இல் ஜெர்மனியின் எஷெடேயில் 101 பேர் இறந்த ரயில் விபத்து, ஒரு சக்கர வளையத்தில் வளர்ந்த சோர்வு விரிசலில் தொடங்கியது.

ஆகவே மூன்றைக் கட்டாயமாக்குங்கள். விரிசல் நீளம், சுழற்சி எண் இரண்டும் அடங்கிய மூலக் கோப்பு இணைப்பாக வரட்டும். முறிந்த பரப்பில் விரிசல் முகப்பின் வளைவை அளந்து, அதனால் கே 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் திருத்தியிருக்க வேண்டும். முறிந்த துண்டுகளின் இரு பாதிகளையும் ஈரம் படாத டெசிகேட்டரில் வைத்து வாய்மொழித் தேர்வுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதிகளைப் பொருத்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள், உரசினால் விரிசல் வளர்ந்தபோது விட்டுச்சென்ற நுண்ணிய வரித்தடங்கள் அழிந்துவிடும்.

இப்படிக்கு,
சோர்வு ஆய்வகங்களில் பணிபுரிவோர்