பிறந்த குழந்தைகளை அளக்க எல்லா இடத்திலும் ஒரே முறை வேண்டி மனு

அனுப்புநர்
ஐந்து மாதக் குழந்தையின் தாய்,
பெரம்பூர், சென்னை 600011

பெறுநர்
மாநகர நல அலுவலர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை 600003

பொருள்: பிறந்த குழந்தையின் எடை, நீளம், தலைச் சுற்றளவை அளக்கவும் ஒப்பிடவும் ஒரே முறை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் மகன் 38-வது வாரத்தில் 2.8 கிலோ எடையில் பிறந்தான். பிரசவ அறையிலேயே துணி நாடாவை வைத்து நீளம் 46 செ.மீ., தலை 32 செ.மீ. என்று எழுதினார்கள். "தலை சின்னதா இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு நானும் அம்மாவும் கண்ணை மூடவில்லை. ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவர் அளவுப் பலகையில் படுக்க வைத்து அளந்தார். நீளம் 49, தலை 33.5. பிறக்கும்போது அழுந்திய தலை ஓரிரு நாளில் தன் வடிவுக்கு வரும், அப்புறம் இன்னொரு முறை அளக்க வேண்டும் என்றார். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் போதும்.

இதற்குள் எடை 2.6 ஆகியிருந்தது. "பால் பத்தலை, பவுடர் பால் குடு" என்றார்கள் உறவினர்கள். முதல் சில நாளில் பத்து சதவீதம் வரை எடை குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். சரி, ஆனால் 34 வாரத்தில் 2.1 கிலோவில் பிறந்த குழந்தையும் நிறைமாதத்தில் 2.1 கிலோவில் பிறந்த குழந்தையும் ஒன்றல்ல. முதல் குழந்தை அதன் வாரத்துக்கு ஏற்ற எடையில் இருக்கிறது; இரண்டாவது அதன் வாரத்துக்கு எடை குறைந்தது, வயிற்றிலேயே வளர்ச்சி குன்றியிருக்கலாம். வாரத்தை வைத்துப் பார்க்கும் அளவுகோல் 2014-லேயே வந்துவிட்டது. இன்டர்க்ரோத்-21 என்ற பன்னாட்டு ஆய்வில் எட்டு இடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்து அதை உருவாக்கினார்கள். அதில் நம் நாட்டு நாக்பூரும் ஒன்று.

ஆகவே மாநகராட்சி மகப்பேறு மையங்கள் எல்லாவற்றிலும் நீளத்துக்குப் பலகை, தலைக்கு இழுபடாத நாடா, எடைக்கு அவ்வப்போது சரிபார்த்த மின்னணுத் தராசு இருக்க உத்தரவிட வேண்டுகிறேன். துணியில்லாமல் எடை பார்க்க வேண்டும். நீளத்தை இருவர் சேர்ந்து, ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்து அளக்க வேண்டும். தலையை இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து, பிறந்த வாரத்தோடு சேர்த்துத் தாய் சேய் நல அட்டையில் எழுதித் தர வேண்டும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தாயிடம் இரண்டு நிமிடம் பேசவும் செவிலியர்களுக்கு அறிவுறுத்தும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பெரம்பூர்