இடைக்காலத் தடைகளையும் ஆராயுங்கள்: சட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளிலும் சட்டப் பல்கலைக்கழகங்களிலும் சட்டத் தத்துவமும் ஊடகச் சட்டமும் பயிற்றுவிக்கும் பேராசிரியர்களுக்கும், அத்துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் வணக்கம்.

மாவட்ட அளவில் வெளிவரும் சிறு பத்திரிகை ஒன்றில் பல ஆண்டுகள் செய்திப் பிரிவைக் கவனித்து வந்தவன் நான். கருத்துரிமை குறித்து உங்கள் துறையினர் எழுதும் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது என் வழக்கம். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தொடங்கி, அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால், ஒரு சிறு பத்திரிகையின் கையை நடைமுறையில் கட்டிப்போடுவது, உரிமையியல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே பிறப்பிக்கப்படும் இடைக்காலத் தடைதான். அந்தத் தடைகளை நீங்கள் முறையாகத் திரட்டி ஆராய வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தபோது, சிறைத்துறைத் தலைவர் அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். அதிலிருந்து எழுந்த வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பை நீங்கள் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் நடத்துகிறீர்கள். தங்களுக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது, வெளிவந்த பிறகு வழக்குத் தொடுப்பதே அவர்களுக்குள்ள வழி என்று அத்தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. அரசையும் அதிகாரிகளையும் விமர்சிக்கும் உரிமையைக் காத்த, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964ஆம் ஆண்டு சல்லிவன் தீர்ப்பையும், இங்கிலாந்தின் டெர்பிஷயர் தீர்ப்பையும் துணைக்கொண்டு கட்டப்பட்ட இந்த விதி, நம் மண்ணில் பிறந்த வழக்கொன்றின் வழியாக இந்தியா முழுமைக்கும் கிடைத்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

அப்படியொரு விதி நடைமுறையில் இருக்கையில், எங்கள் அலுவலகத்துக்கு வந்த உத்தரவு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் கட்டடம் பற்றிய செய்தித் தொடரின் முதல் பகுதி வெளியாகியிருந்த சமயம் அது. நீதிமன்ற அமீனா கொண்டுவந்து கொடுத்த உத்தரவு ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. மனுவும் ஆவணங்களும் பரிசீலிக்கப்பட்டன, முகாந்திரம் உள்ளது, தடை வழங்காவிட்டால் மனுதாரருக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு நேரும், ஆகவே அடுத்த விசாரணைத் தேதி வரை மனுதாரரைப் பற்றி எதையும் வெளியிடக் கூடாது என்பதுதான் அதன் முழு உள்ளடக்கம். செய்தியின் எந்த வரி பொய் என்பதை அந்த உத்தரவு எங்கும் சுட்டவில்லை. அடுத்த தேதியில் நீதிபதி விடுப்பில் இருந்தார். அதற்கடுத்த தேதியில் மனுதாரர் தரப்பு வாய்தா வாங்கியது. தடை நீடித்துக்கொண்டே போக, தொடரின் மற்ற பகுதிகள் அச்சேறவே இல்லை. எங்கள் வெளியீட்டாளரால் மேல்முறையீட்டுக்கான செலவைத் தாங்க முடியவில்லை என்பதால், அந்த உத்தரவை எந்த உயர் நீதிமன்றமும் பார்க்கவில்லை. சட்ட இதழ்கள் எவற்றிலும் அது பதிவாகவில்லை.

சட்டத்தில் குறையில்லை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 3, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை வழங்கும் நீதிமன்றம் அதற்கான காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. மனுவின் நகலையும் ஆவணங்களையும் எதிர்த்தரப்புக்கு உடனே அனுப்பியதை மனுதாரர் உறுதிமொழிப் பத்திரம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்கிறது. விதி 3-ஏ, அந்தத் தடை மனுவை 30 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும் என்கிறது. இந்த 30 நாள் விதி எத்தனை அவதூறு வழக்குகளில் பின்பற்றப்படுகிறது? இக்கேள்விக்குப் பதில் சொல்லும் ஓர் ஆய்வையும் நான் இதுவரை கண்டதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை உண்டு. 2024இல் ஜீ தொலைக்காட்சி நிறுவனத்தைப் பற்றி பன்னாட்டுச் செய்தி நிறுவனமான புளூம்பெர்க் வெளியிட்ட கட்டுரையை ஒரு வாரத்துக்குள் நீக்கச் சொல்லி டெல்லி விசாரணை நீதிமன்றம் உத்தரவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தபோது, முகாந்திரம், இரு தரப்பின் சாதக பாதகம், ஈடுசெய்ய முடியாத இழப்பு ஆகிய மூன்று அளவுகோல்களின் பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அவை இந்த வழக்குக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதை விளக்க வேண்டும் என்றது. விசாரணை தொடங்கும் முன்பே வழங்கப்படும் தடை, அந்த எழுத்துக்கு மரண தண்டனை விதிப்பதற்கு ஒப்பாகிவிடும் என்றும் எச்சரித்தது. உச்ச நீதிமன்றம் வரை போக வசதியுள்ள பன்னாட்டு நிறுவனத்துக்குச் சில வாரங்களில் விடிவு கிடைத்தது. குஷ்வந்த் சிங்கின் தன்வரலாற்றுக்கு 1995 இறுதியில் விதிக்கப்பட்ட தடையோ 2001இல்தான் நீங்கியது. அவ்வளவு புகழ்பெற்ற எழுத்தாளருக்கே ஆறு ஆண்டுகள் என்றால், மற்றவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் நடைமுறைச் சிக்கல், இதில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கருதக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. சட்டம் சட்டமாக இருப்பதற்கு அமெரிக்கச் சட்டத் தத்துவ அறிஞர் லான் ஃபுல்லர் 1964இல் முன்வைத்த எட்டு நிபந்தனைகளில் கடைசி நிபந்தனையே, அறிவிக்கப்பட்ட விதியும் அதிகாரிகளின் செயலும் ஒத்திருக்க வேண்டும் என்பதுதான். 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு அறிவித்த விதிக்கும் கீழ்நிலை உரிமையியல் நீதிமன்றமான முன்சீப் நீதிமன்றத்தின் ஒரு பக்க உத்தரவுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்காமல், முன்தடை, அதாவது வெளிவரும் முன்பே எழுத்தைத் தடுப்பது, பற்றிய சட்டம் நம் நாட்டில் இன்னது என்று எந்த ஆசிரியரால் உறுதியாகச் சொல்ல முடியும்? 1978இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபிரெடரிக் ஷாவர் எழுதிய கட்டுரையின் வாதம் இன்னும் நேரடியானது. நீதி நடைமுறை தவறு செய்யக்கூடியது. அவதூறான சில எழுத்துகளைத் தவறுதலாக விட்டுவிடுவதைவிட, வெளிவர வேண்டிய எழுத்தைத் தவறுதலாக முடக்குவது பெரிய தீங்கு. ஆகவே தவறு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைக் கருதியே விதிகளை அமைக்க வேண்டும் என்றார் அவர். மறுதரப்பைக் கேட்காமல் வழங்கும் தடையில் தவறு நேரும் வாய்ப்பு மிக அதிகம். அது எந்த அளவுக்கு நேர்கிறது என்று கண்டறிய, தரவுகளைத் திரட்டியே ஆக வேண்டும்.

எல்லாத் தடைகளும் தவறு என்று நான் வாதிடவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரும் அடையாளமும் வெளியே வரக் கூடாது என்பதை அதே 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்கிறது. அனுமதியின்றிப் பரப்பப்படும் அந்தரங்கப் படத்தை அன்றைக்கே தடுக்காவிட்டால், பின்னால் வரும் இழப்பீட்டால் எந்தப் பயனும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு விரைந்து வழங்க வேண்டிய அதே தடை, செல்வாக்குள்ள ஒருவர் தம் கட்டட அனுமதி பற்றிய கேள்வியைத் தவிர்க்கவும் பயன்படுகிறது. இவ்விரண்டையும் முதல் நாளிலேயே, ஒருதரப்பு மனுவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு முன்சீப் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் உங்கள் துறை எங்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டிய கடினமான கேள்வி.

எனவே, ஒவ்வொரு கல்லூரியும் தன் மாவட்டத்து நீதிமன்றங்களில் ஊடகங்கள் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்குகளின் இடைக்கால உத்தரவுகளைத் திரட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தடை கேட்டவர் யார், எழுதப்பட்ட காரணம் என்ன, 30 நாள் விதி பின்பற்றப்பட்டதா, தடை எப்போது நீங்கியது என்பவற்றை இறுதியாண்டு மாணவர்களே குறித்தெடுக்கலாம். இணையத்தில் கிடைக்காத உத்தரவுகளுக்கு நகல் மனு போட வேண்டியிருக்கும். எங்களைப் போன்ற பத்திரிகைகளின் பழைய கோப்புகளிலும் பல கிடக்கின்றன. முடிவுகளைத் தமிழிலும் வெளியிடுங்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே உத்தரவு எழுதும் நீதிபதிகளும், அவற்றைப் பெறும் செய்தியாளர்களும் படிக்கும்படி அது இருக்கட்டும். எங்கள் கோப்பிலுள்ள உத்தரவின் நகலை, வழக்குத் தரப்பினரின் பெயர்களை மறைத்து, கேட்கும் எந்தத் துறைக்கும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மாவட்டப் பத்திரிகை ஒன்றின் முன்னாள் செய்தி ஆசிரியர்