முள் கழன்ற வாட்ச் பற்றி ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையைப் பற்றி வாட்ஸாப்பில் சுற்றும் பதிவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது டூப்ளிகேட் வாட்ச்சுக்கு முள் மாட்டிக் கொடுத்தோமாம், ஒரே வாரத்தில் செகண்ட் முள் மறுபடி விழுந்துவிட்டதாம், உள்ளே இருந்த மெஷினையும் நாங்கள் மாற்றிவிட்டோமாம். முள் விழுந்தது உண்மைதான். மெஷினை மாற்றியது என்பது மட்டும் சுத்தப் பொய். ஃபர்ஸ்ட் காப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் விலை மலிந்த மெஷின். அதைக் கழற்றி நாங்கள் எந்த வாட்ச்சில் போடப்போகிறோம்?

முள் ஏன் நிற்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன். முள்ளின் துளை மெஷினின் தண்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். திருகு, பசை எதுவும் கிடையாது, அந்தப் பிடி ஒன்றுதான். சுவிஸ் ஈட்டா 2824 மெஷினுக்குச் செகண்ட் முள்ளின் துளை 0.25 மி.மீ. ஜப்பான் என்.எச்.35 மெஷினுக்கு 0.20. நிமிட முள்ளின் துளை ஈட்டாவில் 0.90, இன்னொரு ஜப்பான் மெஷினான மியோட்டா 8215-இல் 1.00. டூப்ளிகேட் செய்கிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை, கிடைத்த முள்ளைக் கிடைத்த மெஷினில் அழுத்திவிடுகிறார்கள். பெரிய துளை சின்னத் தண்டில் எத்தனை நாள் நிற்கும்? முள்ளின் துளையைச் சுற்றியுள்ள கழுத்தை நெருக்கி இறுக்கித்தான் மாட்டித் தருகிறோம். அந்த மெல்லிய தகடு ஒரு தடவை தாங்கும், மறுபடி நெருக்கினால் விரிசல் விட்டுவிடும். ஒரு சொட்டு பசை வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். பசை தண்டுக்குள் இறங்கினால் வாட்ச்சே நின்றுவிடும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேதி மாறுகிறது என்ற புகாரும் இதே கதைதான். சாவியைத் திருகி, தேதி தாவும் இடத்தில் நிறுத்தி, அங்கேதான் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் பன்னிரண்டில் வைக்க வேண்டும். பல வாட்ச்சுகளில் முதலிலேயே அப்படி வைப்பதில்லை. அதற்கும் பழி நம் தலையில்.

இனி எந்த வாட்ச்சாக இருந்தாலும் உங்கள் கண்முன்னே பின்மூடியைத் திறந்து, மெஷினை உங்கள் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொல்வோம். பதிவு போட்ட தம்பியும் தாராளமாக வரலாம், திறந்து காட்டுகிறோம்.

அப்பா காலத்து எச்.எம்.டி.யை ரசீதுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். அந்தப் பதிவைப் பார்த்ததும் போன் போட்டு, "நாங்க நம்பலைங்க" என்று சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம், முள் வேலை பார்த்த பையன் சொந்த ஊரிலேயே கடை போட்டுவிட்டதால் வேலை முடிய பத்து நாள் வரை ஆகலாம். முள் மாட்டும் கூலி இனி 250 ரூபாய், டூப்ளிகேட் வாட்ச்சுக்கு உத்தரவாதம் கிடையாது.

சித்திரைத் திருவிழா வாரத்தில் கடை மாலையில் மட்டும் திறந்திருக்கும். வேலை முடிந்த வாட்ச்சுகளை அதற்கு முன்பே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்